பழியும் பொறுப்பும்

புலால் நீத்த இல்லத்துப் பிள்ளைக்குக் கொலஸ்டிரால் மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினால், பெற்றோர் முதலில் நம்ப மறுக்கின்றனர். பின்னர் நாணி மறைக்கின்றனர். நம் ஒழுக்கத்தில் எங்கே பிழை நேர்ந்தது என்று தாய் வருந்துவாள். இவ்வினா அறத்தைச் சார்ந்ததாதலின் சற்றே ஆராய்வோம்.

தாவர உணவில் கொலஸ்டிரால் இல்லையென்றே கூறலாம். பாலிலும் நெய்யிலும் உண்டு. எனினும் நம் உடலிலுள்ளதில் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. குருதியில் மிகும் கெட்ட கொலஸ்டிராலைக் கல்லீரல் உயிரணுக்களின் ஏற்பிகள் பற்றி அகற்றுகின்றன. இதனை விளக்கிய பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இச்செயல் பிறவியிலேயே குறைபட்டிருப்போர் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர். பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்புண்டு. அப்பிள்ளை மெலிந்திருக்கலாம், ஓடியாடி விளையாடலாம், கவனியாது விட்டால் இளமையிலேயே மாரடைப்பு நேரலாம்.

பிறப்பொடு வந்ததற்கு எவர்மீதும் பழியில்லை. அறிய வழியிருந்தும் வாளாவிருப்போமாயின், அதற்கு நாமே பொறுப்பு. கொல்லாமையை நாம் பிற உயிர்களின்பொருட்டு ஏற்றோம்; நோயின்மைக்கு விலையாகச் செலுத்தவில்லை. அதனைக் காட்டிச் சோதனையைத் தவிர்ப்பது விரதத்தை வணிகமாக்குவதாகும்.

பிறவிக்குறை இல்லாத பிள்ளைகளுக்கும் நெய், வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றில் பொரித்த பண்டங்களாலும், விளையாட்டின்மையாலும், உடற்பருமனாலும் கொழுப்பு மிகலாம். குறைத்துண்ணும் அவமோதரியத்தைத் தவமெனப் போற்றும் நாம், திருநாளில் பிள்ளை போதுமென்ற பின்னும் மற்றோர் இனிப்பை இலையில் இடுவது அன்பாகுமா?

கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், அன்றைய பாடலி. அங்கேதான் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், உலகின் அமைப்பையும் அளவையும் கூறும் 'லோகவிபாகம்' இயற்றினார் என்பர். உலகையே அளந்தறிய முற்பட்ட மரபினர் தம் மக்களின் குருதியை அளந்தறியத் தயங்கலாமா?

குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதிற்கு முன்னோ, பெண்களுக்கு 65 வயதிற்கு முன்னோ மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளைகளுக்குக் கட்டாயம் சோதனை செய்க. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையையோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். பிள்ளைகளுக்கு மொத்தக் கொலஸ்டிரால் 170 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். 200ஐ எட்டினால் மிகுதி. பிறவிக்குறை உடையோர் சிலருக்கு 8 அல்லது 10 வயது முதலே மருந்து தேவைப்படும். அதனை மருத்துவர் முடிவு செய்வார். மருந்துண்பது பிள்ளைக்கோ பெற்றோர்க்கோ இழிவன்று.

பிள்ளையைக் குற்றவாளியாக்கித் தனி இலை இடாதீர்கள். வீட்டார் அனைவரும் ஒரே உணவை அளவோடு உண்பீர்களாக. காப்பதும் கொல்லாமையின் ஒரு கூறே.