ஊன்றிய கால்

அந்த மனிதர் ஏன் காலை ஊன்றினார் என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.

பெல்ஜியமும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் மேட்டு நிலத்தில் ஒரு சைக்கிள் பாதை. சாயங்கால வேளை. எனக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வயதான ஒருவர் நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தார். வயல்களுக்குப் போகிற சின்ன ரோடு ஒன்று பாதையைக் குறுக்கே கடக்கும் இடம் வந்தது. பிரேக் பிடித்தார். சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து இறங்கி, இடது காலைத் தரையில் ஊன்றினார். பேருக்கு நுனிக்காலைத் தொட்டுவிட்டு எடுக்கவில்லை, குதிகால் படிய ஊன்றினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடியும் இடப்பக்கம். அங்கே வண்டிகள் வலது ஓரமாகப் போவதால் முதல் ஆபத்து இடப்பக்கமிருந்துதான் வரும். எதுவும் வரவில்லை. புல்வெளி இருந்தது, மாடுகள் இருந்தன, காற்று இருந்தது. காலை எடுத்துப் பெடலில் வைத்து அப்பால் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனாலும் ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கால் என்னை விடவில்லை.

அந்தப் பாதைக்கு ஃபென்பான் என்று பெயர். ஜெர்மனியின் ஆகன் நகரில் புறப்பட்டு, பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் த்ருவாவியர்ஜ் என்ற ஊர் வரை 125 கிலோமீட்டர். 1880களில் பிரஷ்ய அரசு போட்ட ரயில் பாதை அது. ஆகன் பக்கத்து நிலக்கரி தெற்கே இரும்பு ஆலைகளுக்குப் போனது, அங்கிருந்து இரும்புத்தாது வடக்கே வந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், வெர்சாய் உடன்படிக்கையை ஒட்டி, தண்டவாளம் கிடந்த மண் பெல்ஜியத்தின் கைக்குப் போயிற்று. பிற்பாடு ரயில் நின்றது. 2013இல் அது சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. மண் மட்டும் இன்றும் பெல்ஜியத்துடையதுதான். அதனால் சில இடங்களில் சக்கரத்துக்குக் கீழே சில மீட்டர் அகலத்துக்குப் பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜெர்மனி. இப்படித் துண்டாகிப்போன ஜெர்மன் நிலப்பகுதிகள் ஐந்து இப்போதும் இருக்கின்றன. அவற்றில் மிகச் சின்னது ஒரு வீடும் தோட்டமும்தான்.

ஆகனில் வேலை பார்க்கும் தங்கைதான் என்னை அங்கே கூட்டிப்போனாள். ஹோஹஸ் ஃபென் என்கிற அந்தச் சதுப்பு மேட்டில்தான் பெல்ஜியத்தின் மிக உயரமான இடம் இருக்கிறது, 694 மீட்டர். கார் ரோடுகள் அங்கே ஏறி இறங்கி மூச்சு வாங்க வைக்கின்றன. ஆனால் ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அன்றைக்குப் பொறியாளர்கள் மலையைச் சுற்றி, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏறாதபடி பாதை போட்டார்கள். கரி ஏற்றிப்போன ரயிலுக்காகச் செய்த அந்த உபகாரம் இன்று முழங்கால் வலிக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. லக்சம்பர்க் எல்லைக்கு அருகே ஒரு பழைய சுரங்கத்தை மட்டும் வௌவால்களுக்கென்று விட்டுவிட்டு, பாதையை வெளியே சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம் என்னால் அந்தப் பாதையை அனுபவிக்கவே முடியவில்லை. கழுத்து தானாகப் பின்னால் திரும்பிக்கொண்டே இருந்தது. "என்னண்ணே, யாரைத் தேடுற?" என்றாள் தங்கை. யாரையும் தேடவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்தில் சைக்கிள் பழகியவனுக்குக் காது முதுகில் இருக்கும். பின்னால் வருவது லாரியா, டவுன் பஸ்ஸா, டிராக்டரா, அது ஒதுங்கிப் போகுமா, நம்மை மண்ணில் இறக்கிவிட்டுப் போகுமா, எல்லாவற்றையும் காதுதான் சொல்லும். குரங்குப் பெடல் போட்ட வயதிலேயே அந்தக் காது முளைத்துவிடும். ஃபென்பானில் அதற்கு வேலையே இல்லை. காரும் இல்லை, லாரியும் இல்லை. கோன்ட்சன் என்ற ஊரைத் தாண்டிய பிறகுதான் தோள் இறங்கியது. அதன்பின்தான் வீடுகளுக்குக் காவலாகக் கூரை உயரத்துக்கு வளர்த்திருக்கிற பீச் மர வேலிகளைக் கண் பார்த்தது. மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வெட்டிவிடும் வேலிகள் அவை. கத்திரித்த பரப்பில் ஓர் இலைகூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ஜன்னலுக்கு நேரே மட்டும் சதுரமாக ஓட்டை விட்டிருந்தார்கள்.

பயம் போனதும் கவனம் இலையில் போய் நிற்கிறது. இதை நினைத்துக்கொண்டு வரும்போதுதான் அவர் காலை ஊன்றினார்.

பயம் இல்லாத இடத்தில் அந்தக் கால் எதற்கு? ஜாக்கிரதை என்பது பயத்தின் பிள்ளை என்றுதான் நான் அறிந்திருந்தேன். எப்போதோ படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. எந்தப் புத்தகம் என்பது மறந்துவிட்டது, ஆளின் பெயர் மறக்கவில்லை. ஹான்ஸ் மான்டர்மன், நெதர்லாந்தின் போக்குவரத்துப் பொறியாளர், 2008இல் காலமானவர். டிராக்டன் என்ற ஊரில் சிக்னல்களையும் பலகைகளையும் எடுத்துவிட்டு, காரும் சைக்கிளும் நடப்பவர்களும் ஒரே வெளியில் கலக்கும்படி ஒரு சந்திப்பை அமைத்தார். கொஞ்சம் அச்சம் இருந்தால்தான் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பார்த்தால் வேகம் தானே குறையும் என்பது அவருடைய எண்ணம் என்று படித்த நினைவு. அது சரி என்றால், ஃபென்பான் மாதிரி ஆபத்தைத் துடைத்து எடுத்த பாதை மனிதனை மந்தமாக்க வேண்டும். ஆனால் அந்த மாதிரிப் பாதையில்தான் ஒருவர் ஆளில்லாத குறுக்கு ரோட்டில் குதிகால் படிய நின்றார்.

"அங்கதான் பெரிய வேலி இருந்துச்சே, ரோடு தெரியாது. அதான் நின்னாரு" என்கிறாள் தங்கை. எனக்கு வேலி இருந்ததாக நினைவே இல்லை. திறந்த புல்வெளிதான் கண்ணில் நிற்கிறது. இதைப் பற்றிப் போனில் எத்தனையோ தடவை பேசிவிட்டோம். அவள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், எட்டிப் பார்க்க வேகத்தைக் குறைத்தால் போதுமே. கால் எதற்கு?

இந்தக் கேள்வி என்னை அம்மாவிடம் கொண்டுபோய் விட்டது. 1991, 1992 வாக்கில் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவைப் பரப்பும் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனார். கல் உடைக்கிறவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள், பால்வாடி ஆயாக்கள் எல்லோரும் பழகினார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூட மைதானம்தான் களம். வேலை முடிந்து, உலை வைத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வருவார்கள். ஒருத்தி ஏற, ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். அம்மாவும் அப்படித்தான் பழகினார். யாரும் வராத, எதுவும் இடிக்காத அந்த வெற்றிடம் இல்லாமல் அது நடந்திருக்காது. ரோட்டில் பழகச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணும் ஏறியிருக்க மாட்டாள். தைரியம் முளைக்கவும் வண்டி வராத ஓர் இடம் தேவைப்படுகிறது. மான்டர்மன் கலக்கச் சொன்னார்; அந்த மைதானம் ஒதுக்கிக் கொடுத்தது. இரண்டும் எனக்கு நியாயமாகவே படுகின்றன.

பிறகு அம்மா ரோட்டுக்கும் வந்தார். ஜென்ட்ஸ் சைக்கிள். அன்றைக்குப் பல பெண்கள் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் பாரில் சின்ன சீட்டு வைத்துப் பிள்ளையை உட்காரவைக்கலாம். தங்கை அதில் உட்கார்ந்து வருவாள், நான் கேரியரில். கண்மாய்க் கரை ஏறி மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில் அம்மா ஒவ்வொரு தடவையும் இறங்கிவிடுவார். நடுமத்தியானம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் இறங்குவார். சேலை கட்டிக்கொண்டு, பாரில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சைக்கிளிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். வீட்டில் எல்லோரும் அதைப் பயம் என்றோம். அம்மாவும் மறுத்ததில்லை.

அந்த ஃபென்பான் காலைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. அம்மா நின்றது லாரிக்காக இல்லை, பாரில் இருந்த பிள்ளைக்காக இருக்கலாம். பயம் நம்மை நோக்கி வருவதைப் பார்க்கிறது. அக்கறை நம்மால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் கால் தரையில் ஊன்றும்.

ஃபென்பானில் கார் இல்லை என்றேன். ஆனால் அதில் மனிதர்கள் நடக்கிறார்கள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டி வருகிறார். அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை கோணல்மாணலாக ஓடுகிறது. மின்சார சைக்கிள்காரர்கள் சத்தமில்லாமல் வருகிறார்கள். பெரிய வண்டிகளை எல்லாம் வெளியே நிறுத்திவிட்ட பாதையில் பெரிய வண்டி யார் என்றால், நாம்தான். அந்தக் குழந்தைக்கு நான்தான் லாரி. அதே பாதையில் லாமர்ஸ்டார்ஃப் என்ற ஊர்ப் பக்கம் வரும்போது வயல்களில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் கூம்புகளைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் டாங்கிகளைத் தடுக்க ஹிட்லரின் அரசு நட்டவை. இடையிடையே பாசியும் முள்ளும் படர்ந்திருக்கின்றன. 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படைகள் பக்கத்திலுள்ள ரோட்கனுக்குள் நுழைந்துவிட்டன. ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று நம்பி நட்ட கற்கள் அவை. அந்த நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் பெரிய ஆபத்து உள்ளேயிருந்துதான் வந்தது. ஒரு சைக்கிள்காரரின் காலைப் பற்றிச் சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன். ஆனால் தடுப்புகளால் கிடைக்கும் நிம்மதி எவ்வளவு தூரம் வரும் என்று அந்தக் கூம்புகளுக்கு நடுவே நின்றால் யாருக்கும் தோன்றும்.

இப்படி ஒரு முடிவுக்கு வந்த மாதிரி இருந்தது. போன வாரம் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கண்மாய்க் கரையில் ஏன் இறங்குவீர்கள், பாப்பா பாரில் இருந்ததாலா?

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? கரை ஏறி வந்தா மூச்சு வாங்கும்ல. எறங்கி நின்னா கொஞ்சம் அடங்கும்" என்றார்.

மூச்சு! அப்படியானால் அந்த மனிதருக்கும் முழங்கால் வலித்திருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்திருக்கலாம். ஐம்பது வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை உடம்பு தானாகச் செய்திருக்கலாம். நான் அக்கறை என்று பெயர் வைத்தது வெறும் பழக்கமாக இருக்கலாம். ஆனால் பழக்கமாகவே உடம்பில் இறங்கிவிட்ட அக்கறையை அக்கறை இல்லை என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் தன்னைப் பற்றி முழுவதையும் சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

எனக்கு இது வெறும் யோசனை இல்லை. என் பையனுக்கு சைக்கிள் வாங்கும் வயது வந்துவிட்டது. வண்டி இல்லாத இடத்தில் பழக்கினால் அவன் பயமில்லாமல் பழகுவான். இலையையும் மாட்டையும் பார்ப்பான். ரோட்டில் பழக்கினால் என்னைப் போல முதுகில் காது முளைக்கும். அது அவன் உயிரைக் காக்கும், மனசையும் கொஞ்சம் சுருக்கும். பயம் இல்லாமலே காலை ஊன்றத் தெரிந்தவனாக அவன் வளர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை மைதானம் கற்றுக்கொடுக்குமா, ரோடு கற்றுக்கொடுக்குமா, நான் ஊன்றுவதைப் பார்த்துத்தான் வருமா என்று தெரியவில்லை. லீவுக்கு அவனை ஃபென்பானுக்குக் கூட்டிவரச் சொல்கிறாள் தங்கை. அம்மாவோ, ஊர் ரோட்டில் ஓட்டப்போகிறவன் ஊர் ரோட்டில்தான் பழக வேண்டும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குத் தவறு தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை.