அச்சம் அகன்ற பறவை

பறவைக்கு உணவிடும் பழக்கம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. மதில்மேல் காக்கைக்கு ஒரு பிடி சோறு, புறாவுக்குக் கொஞ்சம் கம்பு, கோடையில் மண்சட்டி நிறையத் தண்ணீர். இவற்றை அறம் என்று பெயரிட்டு எவரும் செய்வதில்லை. வழிவழியாகச் செய்து வருகின்றனர். இதற்கு அடுத்த படி ஒன்றுண்டு. இட்டதைத் தின்றுவிட்டுப் பறந்துபோகும் பறவையை, நம் உள்ளங்கையிலேயே வந்தமர்ந்து தின்னும்படி பழக்குவது அது. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், அசையாது கைநீட்டிக் காத்திருக்கும் பொறுமை உள்ளவர்க்கு அது பலவேளைகளில் கைகூடுகிறது. கூண்டில்லை, சிறகு நறுக்கப்படவில்லை, தானே விரும்பி வருகிறது. இதனினும் தூய நட்பு உண்டோ என்று நெஞ்சம் பூரிக்கிறது. அது நட்புத்தானா என்று சற்றே நின்று கேட்க விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் டிச்லிங் என்றொரு சிற்றூர். லென் ஹோவர்டு என்னும் அம்மையார் 1938இல் அங்கே குடியேறினார். இலண்டனில் இசைக்கலைஞராக இருந்தவர். பறவைகளுக்காகவே தம் வீட்டுச் சன்னல்களைத் திறந்து வைத்தார். நம் மலைப்பகுதிகளில் காணும் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய உறவான சிறுகுருவிகள் உள்ளே வந்தன. அவர் கையிலும் தோளிலும் அமர்ந்தன. இரவில் அறைக்குள்ளேயே அடைந்தன. அவர்தம் முதல் நூல் 1952இல் வெளிவந்தது. அறிவியலறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி அதற்கு முன்னுரை எழுதினார்.

அந்த அம்மையாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அஞ்சிநிற்கும் பறவையிடம் அதன் அச்சத்தையே காண்கிறோம், அதன் அறிவையும் குணத்தையும் அல்ல என்பது அவர் கருத்து. அச்சம் அகன்றபின் அவர் கண்டவை ஓர் இனத்தின் பொதுவியல்புகள் அல்ல. முன்கோபியும் சாதுவும் துணிந்ததும் தயங்குவதுமான தனித்தனி உயிர்கள். ஒவ்வொன்றையும் முகம் கண்டு அறிந்தார், பெயரிட்டு அழைத்தார்.

தனியொரு பறவையிடம் வைக்கும் இந்த அன்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று இகழ நம்மால் இயலாது. அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த நுகைர் என்ற சிறுகுருவி இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் குருவியைப்பற்றிக் கனிவுடன் வினவிய வரலாற்றை நாம் அறிவோம். ஒரு குழந்தையின் துயரம் அங்கே மதிக்கப்பட்டது. அந்தக் குருவியும் மறக்கப்படவில்லை.

பறவைக்கு உணவிடுவதை எதிர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம் வேறு. தீனி இட்டுப் பழக்கினால் அது இரைதேட மறந்து சோம்பிவிடும். நாம் ஊருக்குப் போய்விட்டால் பட்டினி கிடக்கும் என்பர். இதில் வலுவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல்லாண்டுகள் தீனி வைக்கப்பட்ட இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தனர். அங்கு வாழ்ந்த சிக்கடி என்னும் குருவிகள், தீனியே காணாத குருவிகளைப் போலவே குளிர்காலத்தைக் கடந்தன என்று 1992இல் வெளியான ஆய்வு கூறிற்று. பறவை நாம் நினைப்பதுபோல் நம் வாசலில் பிச்சை ஏற்று வாழ்வதன்று. நம் தட்டு அதற்குப் பல தட்டுகளில் ஒன்று. இதைக் கேட்டால் நம்முள் சிலருக்குச் சிறிது ஏமாற்றமாகவும் இருக்கலாம்!

நோய் பற்றிய எச்சரிக்கை இதனினும் மெய்யானது. பிரிட்டனில் 2005 முதல் பச்சைநிறச் சிறுகுருவியினம் ஒன்று தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயால் பெருமளவில் மடிந்தது. பல பறவைகள் கூடும் தீனித்தட்டும் நீர்த்தொட்டியும் அது பரவ இடமாயின. தட்டைக் கழுவிக் காயவைக்கச் சோம்புபவர் தீனி வைக்காதிருத்தல் நலம். இதற்குமேல் இதில் வாதிக்க ஒன்றுமில்லை.

வாதிக்க வேண்டியது அச்சத்தைப் பற்றித்தான். பதினெட்டுக் கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு இறைவன் அளித்த கவசம் எது? கொம்பில்லை, நஞ்சில்லை. நிழல் அசைந்தால் பறந்துவிடும் அந்த நடுக்கமே கவசம். உள்ளங்கையில் தானியம் வைத்து நாம் கழற்றுவது அந்தக் கவசத்தைத்தான். நம்மிடம் அச்சம் விட்ட பறவை நம்மை மட்டுமே நம்புமா, அல்லது நீட்டிய கை எல்லாவற்றையும் நம்பிவிடுமா? அடுத்த தெருவில் கவண்கல்லோடு நிற்கும் சிறுவனும் கைநீட்டத் தெரிந்தவனே. நம் வீட்டுப் பூனைக்கோ கைநீட்டவும் தேவையில்லை.

ஆதலால் அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். பொருளை ஒப்படைத்தவன் வந்து கணக்குக் கேட்பான், பறவை கேட்காது. கேட்காதவரின் அமானிதத்தைக் காப்பதே கடினம். லென் ஹோவர்டு இதை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. பறவைகள் மிரளும் என்பதால் விருந்தினர் வருகையைக் குறைத்துக்கொண்டார். தம் வீட்டின் ஒழுங்கையும் நாளின் நேரத்தையும் அவற்றுக்கே விட்டுக்கொடுத்தார். கட்டுண்டது குருவியன்று, அவர்தாம். அப்படிக் கட்டுப்பட ஒருவர் முன்வந்தால் அவர் செய்வது நட்பு என்பதில் எமக்கு ஐயமில்லை. நம்மில் பெரும்பாலோர் நாடுவதோ வேறு. ஊரில் இத்தனை பேர் இருக்க என்னைத் தேடி வந்ததே என்னும் பெருமிதம், அதைக் கைபேசியில் படமெடுத்து நாலுபேருக்குக் காட்டும் இன்பம். இவை குருவிக்கு எவ்வாற்றானும் உதவுவன அல்ல.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பறவைகளைக் கையில் பழக்கிப் புகழ்பெற்றவர் அல்லர். 1908இல் சிறுவனாகத் தாம் சுட்டு வீழ்த்திய, தொண்டையில் மஞ்சள் படிந்த ஒரு குருவியின் வழியே அத்துறைக்கு வந்தவர். ஆய்வுக்காகப் பின்னரும் பறவைகளைச் சுட்டவர். ஆயினும் பரத்பூர் நீர்நிலம் பறவைகளுக்கென்று காக்கப்பட அவர் பாடுபட்டார். 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கு வந்திறங்கும் நாரைகளில் ஒன்றுகூட அவரை அறிந்து வந்ததில்லை. இருவரில் எவருடைய அன்பு பெரிது என்று தராசு பிடிப்பது வீண். ஆனால் ஒரு மரம் நட்டு, அதன் கனியைப் பறவை உண்டாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்ற நபிமொழியில், அந்தப் பறவை நட்டவரை அறிந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை.

இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அயாஸ்மா பள்ளிவாசலின் வெளிச்சுவரில் கல்லால் சமைத்த சிறு பறவை வீடுகள் இன்றும் உள்ளன. சன்னலும் கூரையுமாகச் சின்னஞ்சிறு மாளிகைகளைப் போன்றவை. பூனைக்கும் எட்டாத, மனிதர் கைக்கும் எட்டாத உயரத்தில் அவற்றை வைத்தனர். கல்தச்சர் கீழே இறங்கியபின், எந்தக் குருவி அங்கே குடியேறிற்று என்பதை அவரும் மற்றவரைப்போல் அண்ணாந்துதான் பார்த்திருப்பார்.