விளையாட்டுச் சம்பளமும் பிள்ளையின் படிப்பும்

பந்தாடும் பிள்ளைக்குப் படிப்பு முடியுமுன்பே சம்பளம் கொடுக்க ஆள் வந்தால் தகப்பன் என்ன செய்வது? சுங்கை செம்பிலாங் முதல் கோலசிலாங்கூர்த் தோட்டங்கள் வரை நம் பிள்ளைகள் பலர் மைதானத்தில் திறமை காட்டுகிறார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கேள்வியே.

உழைப்புக்குக் கூலி வாங்குவது குற்றமன்று. பிள்ளை ஓடிக் களைக்க, டிக்கெட்டு விற்றவன் மட்டும் லாபம் பார்ப்பது நியாயமாகாது. அமெரிக்கக் கல்லூரிகளே 2025 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரே பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. நம் நாட்டிலும் 1994 முதல் பந்தாட்டம் முழுத் தொழிலாயிற்று.

ஆனால் வியாபாரிகளாகிய நாம் ஒன்றறிவோம். வெற்றிலைக் கட்டு வாடுமுன் விற்றாக வேண்டும். அதை நம்பி மட்டும் எவரும் கடை வைப்பதில்லை. கால் பலமும் அத்தகைய சரக்கே. முப்பத்தைந்து வயதில் ஆட்டம் ஓய்ந்தபின் வாழ்வு பாதிக்குமேல் மிச்சமிருக்கிறது. ஆடும் காலத்திலும் சம்பளம் நிச்சயமில்லை. அண்மை ஆண்டுகளில் மலேசிய லீக்கில் குழுக்கள் சில மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி வைத்ததைப் பத்திரிகைகளில் படித்தோமல்லவா?

டாக்டர் மணி ஜெகதீசனைப் பாருங்கள் என்பர் சிலர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். மருத்துவமும் படித்துத் தேறியவர். 1968-ல் 200 மீட்டரில் அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. பெருமைதான். ஆயினும் அக்காலத்தில் ஒலிம்பிக்கில் ஓடுவோர் கூலி வாங்க விதியில்லை. சம்பளமா, படிப்பா என்ற சோதனை அவருக்கு வரவில்லை. இன்றைய பிள்ளைக்கோ அது பதினாறு வயதிலேயே வந்துவிடுகிறது. அவ்வயதில் தனியே நிறுத்துப் பார் என்று அவனை விடுவது தருமமாகாது.

அரிசிக்கே வழியில்லாத வீட்டாரிடம் சம்பளத்தைத் தள்ளு என்பதும் தருமமன்று. வாங்கட்டும், நிபந்தனையோடு வாங்கட்டும். பள்ளி நேரத்தையும் பரீட்சை நாட்களையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக. சம்பளத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரிலேயே சேமித்து வைக்குக. அவன் இளமை பெற்றோரிடம் உள்ள அமானிதம். அதை முழுவதும் செலவழிக்க அவர்களுக்கு உரிமையில்லை.

நமக்கும் பங்குண்டு. குழுவுக்குச் சட்டையும் கோப்பையும் வாங்கிக் கொடுக்கும் நாம், ஆடுபவனின் புத்தகத்துக்கும் டியூஷனுக்கும் கொடுக்கிறோமா? வெற்றியில் கைதட்டியவர்கள், ஆட்டம் ஓய்ந்தபின் அவன் எப்படிப் பிழைப்பான் என்பதையும் இப்போதே கேட்கக் கடமைப்பட்டவர்கள்.