உள்ளத்தின் நோய் ஈமானின் குறையா?

கங்கைகொண்டானில் எட்டாம் வகுப்புப் பிள்ளையொருவனை அவனுடைய வாப்பா என்னிடம் அழைத்து வந்தார். உறக்கமில்லை, பாடத்தில் நாட்டமில்லை. "தொழுகையில் குறை ஹஜ்ரத், ஓதிப் பாருங்கள்" என்றார். ஓதினேன். பையனோ தலைகுனிந்து, "எனக்கு ஈமான் இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

மகன் யூசுபை எண்ணிய துயரத்தால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் பூத்துப்போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்களுக்கு ஈமான் குறைவென்று எவர் நாவு கூசாமல் சொல்வார்? நோய்க்கு மருந்து தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியபோது, உள்ளத்தின் நோயை விலக்கி வைக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அறிஞர் அபூஸைத் அல்பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார்.

நாமோ சங்கிலியிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் (நம் நெல்லை ஏர்வாடியல்ல, இராமநாதபுரத்து ஏர்வாடி) காப்பகக் கொட்டகை தீப்பற்றி, கட்டப்பட்டுக் கிடந்தோரில் 28 பேர் மாண்டனர்.

மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளியில் இதைக் கற்பித்தால் பிள்ளை மனம் கெடும் என்கிறார்கள். காய்ச்சலைப் பற்றிப் படித்தவனுக்கா காய்ச்சல் வருகிறது?

"இல்லையப்பா, உனக்கு ஈமான் இருக்கிறது" என்றேன். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "ஊரார் பார்த்தால்?" என்றார் வாப்பா. பையன் முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.