கேள்விக்குப் பின் பணிவு

பொறியியல் படிப்பை முடித்து ஆலையிலோ மின்நிலையத்திலோ கணினி நிறுவனத்திலோ முதன்முதலாகப் பணியேற்கும் இளைஞர், யாரிடம் கற்பது, கற்பிப்பவரின் சொல்லுக்கு எவ்வளவு கட்டுப்படுவது, எந்த இடத்தில் தம் மனச்சான்றை முன்னிறுத்துவது என்ற வினாக்களை வேலையின் முதல் மாதத்திலேயே எதிர்கொள்கிறார். கல்லூரிப் பாடத்திட்டத்தில் இவற்றுக்கு விடை இல்லை. ஆனால் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியோடு பிணைந்த வைணவ மரபு, ஆசாரியன், அதாவது அறிவையும் அதற்கேற்ற ஒழுக்கத்தையும் ஒருங்கே தருபவர், என்ற கருத்தை முன்வைத்து இவ்வினாக்களைப் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது.

திருக்குருகூர் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூரில் வேளாளர் குலத்தில் பிறந்த நம்மாழ்வார், பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் பேசாமல் வீற்றிருந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அருகிலுள்ள திருக்கோளூரில் அந்தணராகப் பிறந்த மதுரகவி, வயதில் மூத்தவர். கற்றுத் தேர்ந்து வடநாட்டு யாத்திரையில் அயோத்தியில் தங்கியிருந்தபோது, தென்திசையில் தோன்றிய ஓர் ஒளியைப் பின்தொடர்ந்து குருகூர் வந்து சேர்ந்தார். வந்தவர் உடனே வணங்கிவிடவில்லை. அந்த இளைஞருக்கு உணர்வு இருக்கிறதா என்று அறிய ஒரு கல்லை அருகே போட்டுப் பார்த்தார். அறிவற்ற உடலில் அணுவளவான உயிர் புகுந்தால் அது எதை நுகர்ந்து எங்கே இருக்கும் என்று கேட்டார். அவ்வுடலையே பற்றி அங்கேயே கிடக்கும் என்னும் கருத்தில் விடை கிடைத்த பிறகே அடிபணிந்தார். பின்னர் அவர் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு, பதினொரு பாசுரங்களே கொண்டது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் ஆழ்வார்கள் பாடியவற்றுள் முழுவதும் ஆசாரியனையே போற்றும் பாடல் அது ஒன்றுதான்.

பிறப்பு, வயது, படிப்பு என்ற மூன்று அளவுகோல்களாலும் தமக்குக் கீழானவர் என்று அக்காலச் சமூகம் எண்ணியிருக்கக்கூடிய ஒருவரிடம், அறிவு அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மதுரகவி மாணவரானார் என்பதும், அந்தப் பணிவுக்கு முன் ஒரு சோதனை நிகழ்ந்தது என்பதும் இளம் பொறியாளர் கருத்தூன்ற வேண்டிய செய்திகள். ஓர் அனல்மின் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்பவருக்கு, பள்ளிப்படிப்போடும் ஐ.டி.ஐ. சான்றிதழோடும் பல்லாண்டுகளாக அங்கே உழைத்துவரும் பிட்டர் பதவியில் கீழ்ப்பட்டவர். ஆனால் அந்த பிட்டர், ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் பேரிங் மீது நீண்ட திருப்புளியின் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே எழும் ஓசையின் மாறுபாட்டைக் கொண்டே தேய்மானத்தை உணர்ந்துவிடுகிறார். அதிர்வை அளக்கும் கருவி தரும் எண்ணோடு அவர் சொன்னதை ஒப்பிட்டுப் பார்ப்பது பொறியாளரின் கடமை. ஒப்பிட்டுப் பார்த்து உண்மையென்று கண்டபின், பட்டத்தைக் காரணம் காட்டி அவரிடம் கற்க மறுப்பது அறியாமை.

பொறியியல் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. காவிரியில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத ஆற்றுமணலில் அடித்தளம் நிறுத்தும் முறையைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழ்க் கொத்தர்களின் வேலையைப் பார்த்தே கற்றதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். அந்த அறிவைக் கொண்டே கோதாவரியில் 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணையை எழுப்பினார். ஆள்வோரின் பொறியாளர் ஒருவர் ஆளப்படுவோரின் முன்னோரைத் தம் ஆசான்களாக ஒப்புக்கொண்டது அவருடைய புகழைக் குறைக்கவில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே சற்றுத் தொலைவில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணை மட்டுமே ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது என்பதும், மற்ற ஏழும் அதற்கு முற்பட்ட உள்நாட்டுக் கட்டுமானங்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கன.

இனி ஒரு தடை எழும். ஸ்ரீவசனபூஷணம் என்னும் வைணவ நூலை இயற்றிய பிள்ளை லோகாசாரியரும், அதற்கு உரை செய்த, ஆழ்வார்திருநகரியில் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகளும், ஆசாரியனுக்கு முற்றிலும் வசப்பட்டிருக்கும் நிலையை, பாரதந்திரியம் என்று மரபு சொல்லும் நிலையை, மிக உயர்ந்ததாக வைத்தனர். ஆன்மிகத்தில் இது பொருந்தலாம். உயிர்களின் பாதுகாப்பைக் கையில் வைத்திருக்கும் தொழிலில் இத்தகைய வசப்படுதல் பேரழிவில் முடியாதா? தடை வலுவானதே. 1986 ஜனவரி 27 அன்று இரவு, குளிரில் சேலஞ்சர் விண்ணோடத்தின் ராக்கெட்டில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகும் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்ட பொறியாளர்கள் எச்சரித்தும், அவர்களுடைய நிறுவனத்தின் மேலாளர்கள் அதைத் தள்ளிவிட்டு ஏவுதலுக்கு இசைந்தனர். மறுநாள் அவ்விண்ணோடம் கிளம்பிய 73 நொடிகளில் சிதைந்து எழுவர் மாண்டனர்.

இத்தடைக்கு விடையும் அதே மரபுக்குள் கிடைக்கிறது. தம் ஆசாரியர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று மறைபொருளைப் பெற்ற இராமானுசர், வெளியிட்டால் நரகம் என்ற ஆணையை மீறி அதை எல்லோரும் அறிய உரைத்தார் என்று மரபு கூறுகிறது. அந்த மீறலில் மூன்று இயல்புகள் உள்ளன: கற்கும் காலத்தில் பதினெட்டு முறையும் பொறுமையோடு நடந்தார், மீறியபோது ஒளிவின்றி ஊரறியச் செய்தார், விளைவைத் தாமே ஏற்க முன்வந்தார். தன் நலத்துக்காக மீறுவது அகந்தை. பிறர் நலத்துக்காக, பெயரையும் காரணத்தையும் எழுத்தில் வைத்து, விளைவுக்குத் தயாராக மறுப்பது அறம். மேலதிகாரியிடம் தனியே முணுமுணுத்துவிட்டுப் பின் கையொப்பமிடுபவர் பணிந்தவரும் அல்லர், மறுத்தவரும் அல்லர்.

கற்றவருக்கு இன்னொரு கடனும் உண்டு. பிரபந்தப் பாசுரங்கள் வழக்கொழிந்த காலத்தில், வைணவ ஆசாரியர் நாதமுனிகள் குருகூர் வந்து, மதுரகவியின் சீடர் மரபில் வந்தவரிடமிருந்து கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று, 12,000 முறை ஓதி, நாலாயிரத்தையும் மீட்டார் என்பர். ஆசானுக்கு நன்றி சொன்ன பாடல் காக்கப்பட்டதனால் ஆசானின் அறிவும் திரும்பக் கிடைத்தது என்பதே இதன் உட்கருத்து. அப்போது பிறவாதிருந்த இராமானுசரின் திருவுருவை நம்மாழ்வாரே மதுரகவிக்கு அருளினார் என்று நம்பி, பவிஷ்யதாசாரியன், வருங்கால ஆசாரியன், என்ற பெயரில் ஆழ்வார்திருநகரி இன்றும் அதை வழிபடுகிறது. ஷிப்ட் முடிந்து போகும்போது, அளவுகளோடு தாம் கண்ட ஐயத்தையும் அதைச் சுட்டிக்காட்டியவரின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பொறியாளர், முகமறியாத அடுத்த தலைமுறைக்கு இதே கடனை ஆற்றுகிறார்.

ஆகவே பணியில் சேரும் இளைஞர், அறிவு யாரிடம் இருந்தாலும் கேட்டுச் சோதித்து, மெய்யென்று கண்டபின் மனமாரப் பணிந்து கற்க வேண்டும். உயிர்களுக்குக் கேடு வரும் இடத்தில் வெளிப்படையாக மறுக்க வேண்டும். கற்றதைக் கற்பித்தவர் பெயரோடு எழுதிவைத்துச் செல்ல வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொழில்திறன் முழுமை பெறாது.