குழந்தையின் வேகத்தில்

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு ஏறக்குறைய 6 மணி நேரப் பயணம் என்கிறது வரைபடம். மோட்டார்ஹோமில் ஒரு கைக்குழந்தையும் தத்தித் திரியும் இன்னொன்றும் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. செல்லவும் வேண்டாம், இரண்டு நாளாகட்டும். வழியில் டெக்காப்போ ஏரியின் பால் கலந்த நீலத்தைப் பெரியவர்கள் பார்த்து நிற்பார்கள். பிள்ளைக்கோ கரையில் கிடக்கும் கூழாங்கல் போதும். இருவரில் யார் அதிகம் பார்த்தது என்று சொல்லிவிட முடியாது.

நின்றால் மோட்டார்ஹோம் வீடு; ஓடும்போது வண்டி மட்டுமே. இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது. 7 வயது நிறையாத பிள்ளைக்குக் குழந்தை இருக்கை அங்கே சட்டப்படி கட்டாயம். பக்கவாட்டில் திரும்பிய சோபா இருக்கை அதற்கு ஆகாது. பிள்ளை அழுகிறதே என்று ஓடும் வண்டியில் மடிக்கு எடுப்பது பாசமாகத் தோன்றும், ஆனால் பாசமல்ல. பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள், பிறகு தூக்குங்கள். பால், மாற்றுத்துணி, படுக்கை எல்லாம் நாலடி தூரத்தில் இருக்கின்றன. இந்த வண்டியை எடுத்ததே அதற்காகத்தானே.