அடுத்த பயிற்சியாளர் யார்? ஊகத்திற்கும் ஓர் எல்லை உண்டு



காரவள்ளியிலிருந்து புறப்படும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்கு ஏறி வருகிறது. வதந்திக்கு அந்தச் சிரமம் இல்லை. இங்கே திண்ணனூர் நாட்டில் உள்ள ஒரு பிள்ளையின் செல்போனுக்கும் அது நொடியில் வந்துவிடுகிறது. கால்பந்து பார்க்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். தங்கள் அணி இரண்டு ஆட்டங்களில் தோற்றால் போதும், அடுத்த பயிற்சியாளர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். "சும்மா பேசுகிறோம், இதில் என்ன தவறு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் விலகினார். அந்த இடத்திற்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் முன்னாள் வீரர் சாவியும் விண்ணப்பித்தார், செலவு கட்டுப்படியாகாது என்று அவரை எடுக்கவில்லை என்று செய்தி பரவியது. அந்தப் பெயர் வந்திருப்பதாகக் கூட்டமைப்பின் தரப்பிலேயே சொல்லப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே அறிவித்தது: சாவி, பெப் கார்டியோலா பெயர்களில் வந்த மின்னஞ்சல் விண்ணப்பங்கள் உண்மையானவை அல்ல!

சிந்தித்துப் பாருங்கள். ஒருவர் கேட்கவே இல்லாத வேலையை அவருக்குத் தரவில்லை என்று வேறு சிலர் ஏச்சு வாங்கினார்கள். பொறுப்பில் உள்ளவர்களே சொன்ன செய்தியை ரசிகன் நம்பியதில் குற்றம் காண முடியாது. ஆனால் நம்பிய கையோடு ஏசத் தொடங்கினானே, அங்கேதான் தவறு நுழைகிறது. ஏச்சைப் பரப்பிய அதே வேகத்தில் மறுப்பையும் எத்தனை பேர் பரப்பியிருப்போம்? நம் மனசாட்சியைக் கேட்டுக்கொள்வோம்.

சூரா ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் என்ன? அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது என்பதே. ஆக, கேள்விப்பட்ட செய்தியால் மூன்றாவது மனிதருக்கு என்ன நேரும் என்று பார்ப்பதும் நம் கடமை.

அப்படியானால் ஊகிக்கவே கூடாதா? அப்படியல்ல. ஊகத்தில் மூன்று வகை உண்டு. "இவர் வந்தால் நன்றாக இருக்கும்" என்பது விருப்பம், அதில் குற்றமில்லை. "இவர்தான் வருகிறார், உறுதியாகிவிட்டது" என்பது, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது. அது பொய்யின் வாசல். "இப்போது இருப்பவர் காசுக்காக உட்கார்ந்திருக்கிறார், அணியை வேண்டுமென்றே கெடுக்கிறார்" என்பது ஒரு மனிதரின் உள்ளத்தின் மீது தீர்ப்பு. அது கெட்ட எண்ணம். அவருடைய ஆட்டத் திட்டத்தைக் குறை சொல்லலாம். ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தோம். அவருடைய உள்ளத்தை நாம் பார்க்கவில்லை.

மனிதக் கணிப்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கும் கால்பந்திலேயே சான்று இருக்கிறது. 2016இல் காலித் ஜமீல் மும்பை எஃப்சி அணியிலிருந்து வெளியேறினார். அவர் சேர்ந்த ஐசால் அணியோ முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் நிலைக்குப் போய், பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. 2017இல் அந்த ஐசால்தான் ஐ-லீக் சாம்பியன்! அதே காலித் ஜமீல் 2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த இந்தியர் அவர். அடுத்த மாதமே மத்திய ஆசியாவில் நடந்த நேஷன்ஸ் கோப்பைப் போட்டியில் அணி மூன்றாம் இடம் பிடித்தது. அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஏற்றமும் இறக்கமும் மூன்றே மாதங்களுக்குள்! நாளை நடப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

ஆகவே சகோதரர்களே, பிள்ளைகளின் கால்பந்துப் பேச்சைத் தடுக்க வேண்டாம். பேச்சின் ஒழுக்கத்தைக் கற்றுக் கொடுங்கள். தெரியாததை "தெரியாது" என்று சொல்லட்டும். தவறான செய்தியை அனுப்பிவிட்டால், யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ அவர்களுக்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்பட்டும். பயிற்சியாளர் விஷயத்தில் நாவை அடக்கப் பழகிய பிள்ளை, நாளை அண்டை வீட்டாரின் மானம் பேச்சாகும்போதும் நாவை அடக்குவான்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளையும் விரல்களையும் வீணான ஊகங்களிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.